அப்லெட்டா, செல்வுட்டா: ஜிலாங்கின் பெரிய ஆள் யார்?

ஆஸ்திரேலியக் கால்பந்து அணியான ஜிலாங்கின் நவீன காலத்தில் தலைசிறந்த ஆட்டக்காரர் கேரி அப்லெட் ஜூனியரா, ஜோயல் செல்வுட்டா? 2011இல் நடந்ததை முதலில் சொல்லிவிட்டால் பாதி வழக்கு முடிந்துவிடும். அன்றைக்கு ஆஸ்திரேலியக் கால்பந்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பலரும் ஒப்புக்கொண்ட கேரி அப்லெட் ஜூனியர், 2010 சீசன் முடிந்ததும் ஜிலாங்கை விட்டுப் புதிதாகத் தொடங்கிய கோல்ட் கோஸ்ட் அணிக்குப் போனார். பயிற்சியாளர் மார்க் தாம்சனும் விலகினார். ஜிலாங் கதை முடிந்தது என்று எல்லாரும் எழுதினார்கள். மறு வருடமே அந்த அணி கோப்பையைத் தூக்கியது. அந்த சீசன் முழுக்க காலிங்வுட் அணி தோற்றது மூன்றே ஆட்டங்கள்; மூன்றும் ஜிலாங்கிடம். மூன்றாவதுதான் கோப்பையைத் தீர்மானிக்கும் கிராண்ட் ஃபைனல்.

"பார்த்தாயா, அவர் இல்லாமலும் ஜெயித்தார்கள்" என்று செல்வுட் கட்சிக்காரர்கள் இதைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். "அவர் கட்டிய வீட்டில் இவர்கள் குடியேறினார்கள்" என்பது அப்லெட் கட்சியின் பதில். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நீள்வட்ட மைதானம், பக்கத்துக்கு 18 பேர். நடுவில் நிற்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. அந்தக் கம்பத்தில் பட்டாலோ, பக்கத்தில் நிற்கும் குட்டைக் கம்பத்துக்கு உள்ளாகப் போனாலோ 1 புள்ளி. ஜிலாங் மெல்போர்னுக்குத் தென்மேற்கே இருக்கும் துறைமுக நகரம். அதன் அணி 1859இல் தொடங்கியது, கேட்ஸ் என்பது செல்லப்பெயர். 1963இல் கோப்பை வென்றபின் இலவு காத்த கிளியாக 44 வருடம் உட்கார்ந்திருந்தார்கள். இடையில் ஐந்து கிராண்ட் ஃபைனலில் தோல்வி. 2007இல் போர்ட் அடிலெய்டை 119 புள்ளி வித்தியாசத்தில் நசுக்கித்தான் அந்தத் தாகம் தீர்ந்தது. கிராண்ட் ஃபைனல் வரலாற்றில் அதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. அதற்குப்பின் 2009, 2011, 2022 என்று இன்னும் மூன்று. நான் "நவீன காலம்" என்று சொல்வது இந்த நான்கு கோப்பைகளையும் அவற்றை ஒட்டிய வருடங்களையும்தான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஆடிய தந்தை கேரி அப்லெட் சீனியரை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் போட்டியே இருக்காது.

சரி, மகனுக்கு வருவோம். தந்தை பெயரைச் சுமந்துகொண்டு 2002இல் ஆட வந்தபோது அவர் முன்வரிசையில் திரியும், திறமையுள்ள, கொஞ்சம் சோம்பலான சிறு பையன். 2006 முடிவில் சக ஆட்டக்காரர்களே உட்கார வைத்து முகத்துக்கு நேராகச் சொன்னார்கள்: உன்னிடம் இருப்பதில் பாதியைக்கூட நீ தருவதில்லை. மனிதர் அதை மனதில் வாங்கினார். உடலைத் தேற்றிக்கொண்டு நடுக்களத்துக்கு மாறினார். 2007 முதல் 2014 வரை தொடர்ந்து எட்டு வருடம், அந்தந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களைப் பெயரளவில் ஒன்றுசேர்க்கும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம். லீக்கின் சிறந்த ஆட்டக்காரரைச் சக ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருது ஐந்து முறை. களத்தில் பார்த்தால் இந்த எண்கள்கூடக் குறைவு என்று தோன்றும். மூன்று பேர் சூழ்ந்து நிற்பார்கள். இரண்டு எட்டு நடப்பார், ஓடக்கூட மாட்டார், வெளியே வந்திருப்பார். இடது காலா வலது காலா என்று எதிரி யோசிப்பதற்குள் பந்து போய்விடும்.

ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மொத்தம் 357 ஆட்டங்களில் ஜிலாங்குக்காக ஆடியது 247. சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கு நடுவர்கள் வாக்கால் கிடைக்கும் பிரவுன்லோ பதக்கம் இரண்டில், 2009ஆம் வருடத்தது ஜிலாங்கில். 2013ஆம் வருடத்தது கோல்ட் கோஸ்டில். சக ஆட்டக்காரர்கள் தந்த ஐந்து விருதுகளில் 2012, 2013 இரண்டும் அங்கேதான். அப்லெட்டின் பெருமையைப் பேசும்போது இந்த எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஜிலாங் வாசலில் இறக்கிவிடுகிறார்கள். "ஆஸ்திரேலியாவின் தலைசிறந்தவர் யார்" என்பது கேள்வியானால் மூட்டை அப்படியே இருக்கட்டும். "ஜிலாங்கின் தலைசிறந்தவர்" என்றால் அவிழ்த்து, பாதியைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும்.

ஜோயல் செல்வுட்டின் மூட்டையில் அந்தச் சிக்கல் இல்லை. 2007 முதல் 2022 வரை 355 ஆட்டங்கள், எல்லாம் நீல வெள்ளைக் கோடு போட்ட ஒரே சட்டையில். புது இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுத்தபோது, முழங்கால் காயத்தால் மற்ற அணிகள் தயங்கியதில் ஏழாவது தேர்வாக ஜிலாங்குக்குக் கிடைத்தவர். வந்த முதல் வருடமே சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது, அதே வருடம் கோப்பை, வயது 19. நான்கு கோப்பைகளிலும் களத்தில் இருந்தவர். 2012இல் தலைவரானார். 245 ஆட்டங்களில் தலைமை தாங்கினார், லீக் வரலாற்றில் யாரும் அத்தனை ஆட்டங்களில் தலைமை தாங்கியதில்லை. லீக் சுற்றுக்குப் பின் மேல்வரிசை அணிகள் மட்டும் ஆடும் இறுதிச் சுற்றில் 40 ஆட்டங்கள், அதுவும் சாதனைதான்.

எனக்கு இந்தப் பட்டியலைவிடப் பெரிதாகத் தெரிவது அதன் நடுவில் கிடக்கும் பள்ளம். தலைவரான பிறகு பத்து சீசன் கோப்பை இல்லை. 2013, 2016, 2017, 2019, 2021 என்று ஐந்து அரையிறுதித் தோல்விகள். 2020இல் கிராண்ட் ஃபைனலே போய்த் தோற்றார்கள். அந்தப் பத்து வருடத்தில் இறுதிச் சுற்றுக்கு வராமல் போனது 2015 ஒன்றில்தான். கடைசி இடங்களில் வருபவர்களுக்கு நல்ல இளைஞர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை தந்து, மேலே இருப்பவர்களைக் கீழே இழுக்கும் லீக் அது. அதில் இப்படி ஒட்டிக்கொண்டு நிற்பது சாதாரண விஷயமில்லை. தோற்ற மறுநாள் காலையில் மறுபடி பயிற்சிக்கு வரும் ஆள் ஒருவர் தேவை. அந்த ஆள் பெரும்பாலும் தலையில் ரத்தம் தோய்ந்த கட்டோடு இருந்தார்.

அந்தத் தலை பற்றிப் பேசாமல் செல்வுட்டைப் பற்றி எழுதினால் மற்ற அணி ரசிகர்கள் சிரிப்பார்கள். பிடிக்க வருபவனின் கை தோளுக்கு மேலே வழுக்கினால் ஃப்ரீ கிக். செல்வுட் முழங்காலை மடக்கி, கையை லேசாகத் தூக்குவார், பிடி கழுத்துக்குப் போய்விடும், நடுவர் ஊதுவார். ஏமாற்றா, சாமர்த்தியமா? என் கருத்தில் இரண்டும். ஆட்டக்காரர் தானே வரவழைத்துக்கொள்ளும் உயரப் பிடிக்கு ஃப்ரீ கிக் இல்லை என்று 2022இல் லீக் கறாராகச் சொன்னது. அந்த வருடம்தான் அவர் நான்காவது கோப்பையை வென்றார். அதனால் ஃப்ரீ கிக்கால் வாழ்ந்தவர் என்ற குற்றச்சாட்டு எனக்கு எடுபடவில்லை.

அவருக்கு பிரவுன்லோ கிடைக்கவே இல்லை. ஆல்-ஆஸ்திரேலியன் ஆறு முறை, அப்லெட்டைவிட இரண்டு குறைவு. உச்சத்தை உச்சத்தோடு வைத்தால் அப்லெட்தான் உயரம், அதில் வாதமே வேண்டாம். 2007 முதல் 2010 வரையான அப்லெட்டைப் போல நான்கு வருடம் செல்வுட் ஆடவில்லை. வேறு யாரும் ஆடவில்லை. ஆனால் அந்த நான்கு வருடத்திலும் ஒரு கசப்பு உண்டு. 2008இல் லீக் சுற்றில் ஒரே ஒரு ஆட்டம் தோற்ற அணி, கிராண்ட் ஃபைனலில் 11 கோலும் 23 ஒற்றைப் புள்ளியும் அடித்து ஹாத்தோர்னிடம் 26 புள்ளியில் தோற்றது. மிகச் சிறந்த ஆட்டக்காரர் இருந்தும் மிகச் சிறந்த அணி இருந்தும் கோப்பை கைநழுவியது.

2018இல் அப்லெட் திரும்பி வந்தபோது அவர், செல்வுட், 2016இல் அடிலெய்டிலிருந்து வந்த பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்ட் மூவரையும் மும்மூர்த்திகள் என்று கொண்டாடினார்கள். மூவரும் சேர்ந்து ஒரு கோப்பைகூட வெல்லவில்லை. கொரோனாவால் பிரிஸ்பேனுக்குப் போன 2020 கிராண்ட் ஃபைனலில் அப்லெட்டின் தோள்பட்டை ஆரம்பத்திலேயே கழன்றது. உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்து ஒற்றைக் கையோடு கடைசிவரை ஆடினார். அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். சோம்பல் பையன் என்று ஒரு காலத்தில் சொன்னார்களே, அது நினைவுக்கு வந்தது.

என் தீர்ப்பு செல்வுட். கொஞ்சம் வித்தியாசத்தில்தான், ஆனால் தயக்கமில்லை. ஒரே ஒரு ஆட்டம் ஜெயிக்க வேண்டும், யாரை எடுப்பாய் என்று கேட்டால் 2009இன் அப்லெட்டை எடுப்பேன். கேள்வி அதுவல்ல.

மூன்றாவது இடத்தில்தான் உண்மையான சண்டை. பலரும் கண்ணை மூடிக்கொண்டு டேஞ்சர்ஃபீல்டை எழுதுவார்கள். நான் எழுதுவது மேத்யூ ஸ்கார்லெட். பின்வரிசையின் கடைசி ஆள், 284 ஆட்டங்கள், மூன்று கோப்பைகள், ஆறு ஆல்-ஆஸ்திரேலியன். பிரவுன்லோவுக்கு நடுவர்கள்தான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 3, 2, 1 என்று வாக்களிக்கிறார்கள். அவர்கள் கண் பந்து கிடக்கும் நடுக்களத்தில் இருக்கும், கோலைக் காப்பவனுக்கு யார் போடுவார்கள்? 2009 கிராண்ட் ஃபைனலில் செயின்ட் கில்டாவோடு புள்ளி சமமாக நின்ற கடைசி நிமிடங்களில், தன் இடத்தை விட்டு மேலே ஏறி வந்த ஸ்கார்லெட் உருண்ட பந்தைக் குனிந்து எடுக்க நேரமில்லாமல் கால் விரல் நுனியால் தட்டினார். அது நேராக அப்லெட்டிடம் போனது. அப்லெட் முன்னே உதைக்க, பால் சாப்மன் கோல் போட்டார். ஜிலாங் 12 புள்ளியில் வென்றது. ஜிலாங்காரர்கள் இன்றும் கோலைவிட அந்த விரல்நுனித் தட்டைத்தான் அதிகம் பேசுகிறார்கள்.

ஸ்கார்லெட், அப்லெட், டாம் ஹாக்கின்ஸ் மூவருமே அப்பா ஆடிய அணிக்கு மகன் வரலாம் என்ற விதியால் ஜிலாங்குக்கு வந்தவர்கள். வாரிசு என்றாலே முகம் சுளிப்பவர்கள் இந்த ஒரு ஊரையாவது விதிவிலக்காக வைத்துக்கொள்ளலாம். ஹாக்கின்ஸ் 359 ஆட்டங்கள் ஆடி செல்வுட்டின் கிளப் சாதனையையே தாண்டினார், 796 கோல். 2012இல் ஹாத்தோர்னுக்கு எதிராக ஆட்டம் முடியும் சைரன் ஒலித்தபின் அவர் அடித்த கோல் ஒன்று போதும். 2009 கிராண்ட் ஃபைனலில் கம்பத்தில் பட்டும் கோல் என்று கொடுக்கப்பட்ட அவருடைய பந்தைப் பற்றி செயின்ட் கில்டா ரசிகரிடம் மட்டும் பேச வேண்டாம்.

ஜிம்மி பார்டெலை இந்தப் பேச்சில் எப்போதும் மறந்துவிடுகிறார்கள், அது அநியாயம். 2007இல் அப்லெட்டுக்குத்தான் பிரவுன்லோ என்று ஊரே நினைத்திருந்தபோது வாங்கிப் போனவர் பார்டெல். 2011 கிராண்ட் ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கமும் அவருக்குத்தான். செல்வுட், அப்லெட், ஸ்கார்லெட், டேஞ்சர்ஃபீல்ட், ஹாக்கின்ஸ் ஐவரில் ஒருவரிடமும் அந்தப் பதக்கம் கிடையாது. என் பட்டியலில் நான்காவது அவர்.

டேஞ்சர்ஃபீல்ட் ஐந்தாவது. ஜிலாங்குக்கு அருகே மாக்ஸ் க்ரீக்கில் வளர்ந்தவர், ஆனால் முதல் 154 ஆட்டங்கள் அடிலெய்டுக்கு. அப்லெட்டின் மூட்டையை அவிழ்த்த அதே கை இவருடையதையும் அவிழ்க்க வேண்டும். 2016இல் வந்த முதல் வருடமே 35 வாக்குகளோடு பிரவுன்லோ வாங்கினார், அன்றைக்கு அது சாதனை. அடுத்த வருடம் பாதத்தில் அடிபட்ட நிலையில் முன்வரிசைக்குப் போய் ஹாத்தோர்னுக்கு எதிராக 5 கோல். கோப்பை 2022இல் ஒன்றுதான். செல்வுட்டுக்குப் பின் தலைவராகி, 35 வயதில், 2025 அரையிறுதியில் அதே ஹாத்தோர்னை ஏறக்குறையத் தனியாளாகச் சாய்த்தார். மறு வாரம் பிரிஸ்பேனிடம் கிராண்ட் ஃபைனலில் தோல்வி. அன்று வென்றிருந்தால் பார்டெலுக்கு மேலே ஏற்றியிருப்பேன். ஸ்கார்லெட்டுக்கு மேலே, அப்போதும் மாட்டேன்.