கொல்லைப்புற ஷெட்டுக்கு 0.45 மி.மீ. கலர் ஷீட்: எடை போட்டு வாங்குங்கள்

விறகு, சைக்கிள், மண்வெட்டி, தூக்கிப்போட மனம் வராத பழைய சாமான்கள் இவற்றுக்காகக் கொல்லையில் நாமே ஒரு ஷெட் போடுவதென்றால், கூரைக்கு 0.45 மி.மீ. கலர் ஷீட் சரியாக இருக்கும். 0.35 மேலே ஏறி நின்றால் நசுங்கும். 0.50 நல்ல சரக்குதான், ஆனால் இவ்வளவு சின்ன ஷெட்டுக்கு அது தேவையில்லை. ஆடு மாடு கட்டவோ கோழி அடைக்கவோ என்றால் இந்த வகையே வேண்டாம். மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஷீட்டின் அடிப்பக்கத்தை அரித்துவிடும். கம்பெனி வாரண்டியிலும் பொதுவாக அது சேராது.

கடைக்காரர் சொல்வது எந்த 0.45 என்பதில்தான் வில்லங்கம். உள்ளே இருக்கும் இரும்புத் தகடு 0.40 மி.மீ. அதன்மேல் இரு பக்கமும் சேர்த்து சதுர மீட்டருக்கு 150 கிராம் அலுமினியம்-துத்தநாகப் பூச்சு. கனத்தில் அது சுமார் 0.04. இரண்டும் சேர்ந்த மொத்தக் கனத்தைத்தான் டி.சி.டி. என்கிறார்கள். பெயிண்ட் இந்தக் கணக்கில் வராது. பெயிண்டோடு சேர்த்து ஸ்க்ரூ கேஜில் பிடித்தால் 0.40 ஷீட்கூட 0.44 வரை காட்டும், வாங்குபவரும் திருப்தியாகப் பணம் கொடுத்துவிடுவார். தராசை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. 1220 மி.மீ. அகலத் தகட்டுச் சுருளில் (காயில்) இருந்து மடித்த ஷீட், ரன்னிங் அடிக்கு 0.50 என்றால் 1.4 கிலோ, 0.45 என்றால் 1.25 கிலோ, 0.40 என்றால் 1.1 கிலோ இருக்க வேண்டும். ஒன்பதரை அடி ஷீட் பன்னிரண்டு கிலோவை ஒட்டி நிற்கவில்லை என்றால் அது 0.45 இல்லை. பூச்சு ஏஇசட் 150 (மேலே சொன்ன 150 கிராம் பூச்சின் பெயர்) என்பதையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஷெட்டின் அளவை ஷீட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பலர் பத்துக்கு எட்டு என்று முதலில் பைப்பை வெட்டிவிட்டு, பிறகு நாலாவது ஷீட் வாங்குகிறார்கள். ஓவர்லாப் போக ஒரு ஷீட் மூடும் அகலம் 1 மீட்டர். மூன்று போட்டால், கடைசி ஷீட்டின் ஓவர்லாப் விளிம்பும் சேர்ந்து ஏறத்தாழ 3.06 மீட்டர். ஃபிரேமை 2.85 மீட்டரில், அதாவது ஒன்பதடி நாலு அங்குலத்தில் நிறுத்தினால், இரு பக்கமும் நாலு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு மூன்று ஷீட்டிலேயே வேலை முடிந்துவிடும். ஆழம் எட்டடி, வாட்டம் ஒன்பது அங்குலம். அடிக்கு ஓர் அங்குலத்துக்குக் கீழே வாட்டத்தைக் குறைக்காதீர்கள். குறைத்தால் ஓவர்லாப் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். முன்னும் பின்னும் நீட்டலோடு ஒன்பதரை அடி நீளத்தில் ஒரே துண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள். நடுவில் ஒட்டுப்போட்டால் அங்கேதான் முதலில் ஒழுகும்.

ஃபிரேமுக்கு 50×50×2 மி.மீ. ஜி.ஐ. ஸ்கொயர் பைப், 6 மீட்டர் நீளத்தில் ஏழு போதும்: ஆறு கால்களுக்கு மூன்று, சாய்வுச் சட்டங்களுக்கு இரண்டு, ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினுக்கு இரண்டு. முன்கால் தரைக்கு மேல் ஏழரை அடி, பின்கால் ஆறே முக்கால். இரண்டையும் இரண்டடி மண்ணுக்குள் இறக்க வேண்டும். குழி ஓரடிக்கு ஓரடி. 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் ஆறு குழிக்கும் மூன்று மூட்டை சிமெண்ட் செலவாகும். கான்கிரீட்டைத் தரையோடு நிறுத்தாமல் நாலு அங்குலம் மேலே எழுப்பி, நாலு பக்கமும் சாய்த்துவிடுங்கள். கால் துருப்பிடிப்பது மண்ணும் பைப்பும் தொடும் அந்த இடத்தில்தான். வெல்டிங் செய்த இடங்களில் ஜிங்க் பூச்சு எரிந்துபோயிருக்கும், அங்கே ஜிங்க் பெயிண்ட் அடிக்காமல் விடக்கூடாது. பர்லின் இடைவெளி நாலு அடிக்கு மேல் போகக் கூடாது.

இனி ஸ்க்ரூ. கலர் ஷீட் ஒழுகுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலும் குற்றவாளி ஷீட் இல்லை, இதுதான். 5.5 மி.மீ. தடிமன், 55 மி.மீ. நீளம், இ.பி.டி.எம். என்ற வெயில் தாங்கும் ரப்பர் வாஷர் உள்ள, தானே துளை போட்டு இறங்கும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ வேண்டும். மலிவான கறுப்பு ரப்பர் வெயிலில் சில வருடங்களிலேயே வெடித்துவிடும். கூரையில் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அல்ல; தண்ணீர் ஓடும் வழியில் ஓட்டை போடுவானேன்? வாஷர் லேசாகப் பிதுங்கினால் போதும். பலம் கொடுத்து முறுக்கினால் மேடு நசுங்கி, அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும். கிளட்ச் உள்ள டிரில் மெஷின் என்றால் இந்தத் தொல்லை குறைவு. முன், பின் பர்லின்களில் ஒவ்வொரு மேட்டிலும், நடுவில் ஒன்று விட்டு ஒன்றிலும் அடியுங்கள். காற்று முதலில் பிடித்துத் தூக்குவது ஓரத்தைத்தான். ஓவர்லாப்பில் ஒன்றரை அடிக்கு ஒன்று. ஐம்பதுக்கு மேல் ஆகாது. அறுபது வாங்கினால் கீழே விழுந்து தொலைவதற்கும் கணக்கு இருக்கும்.

வடகிழக்குப் பருவமழைதான் பிரதான மழை என்கிற ஊர்களில், தெற்கு அல்லது மேற்கு ஓரத்தில் தொடங்கி, அடுத்தடுத்த ஷீட்டை முந்தையதன் மேல் ஏற்றிப் போடுங்கள். அப்போது ஓவர்லாப்பின் வாய் காற்றுக்கு எதிரே திறந்திருக்காது.

ஷீட்டைக் கட்டிங் வீல் வைத்து அறுப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அந்தச் சூடு பூச்சை எரித்துவிடும். பறக்கும் பொறி பெயிண்டில் ஒட்டிக்கொண்டு சில நாளில் துருப்புள்ளியாகும். தகடு வெட்டும் கத்தரி அல்லது தகட்டைக் கடித்துக் கடித்து வெட்டும் நிப்ளர் போதும். டிரில் தூளையும் அன்றைக்கே துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். பச்சை சிமெண்ட் கலவை ஷீட்டில் பட்டால் காயும் முன் கழுவுங்கள், சுண்ணாம்புக் காரம் அலுமினியத்தைத் தின்னும். சுவரோடு ஒட்டிய ஷெட்டில் மேல் ஓரத்தைக் கலவையால் பூசி அடைப்பது இதனாலேயே தவறு. சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கை மூடும் ஃபிளாஷிங் தகடு வைத்து சிலிகான் சீலன்ட் கொடுக்க வேண்டும்.

குறை என்றால் சூடும் சத்தமும். சித்திரை மதியத்தில் உள்ளே நிற்க முடியாது. சிமெண்ட் ஷீட் இதைவிடக் கொஞ்சம் தணிவு, ஆனால் தேங்காய் விழுந்தால் உடையும். வெள்ளை அல்லது சந்தன நிறம் எடுத்து, மேல்பக்கம் அரையடி வலைத்தடுப்பு விட்டால் சாமான் ஷெட்டுக்குத் தாராளம். உள்ளே உட்கார்ந்து வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் பர்லினுக்கும் ஷீட்டுக்கும் இடையில் சூடு தடுக்கும் பபிள் ஃபாயில் விரித்துவிட்டுத்தான் ஸ்க்ரூ அடிக்க வேண்டும். பிறகு சேர்க்க நினைத்தால் ஷீட்டை முழுக்கக் கழற்ற வேண்டிவரும், பழைய ஓட்டைகளில் ஸ்க்ரூ மறுபடி இறுகாது.