மலை ஊருக்கு எது: கம்பெனி நாடகமா, ஸ்பெஷல் நாடகமா?

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, தாண்டிக்குடி பக்கம் சின்னதாக ஒரு இசை நாடகக் குழு தொடங்க நினைப்பவர்களுக்கு இரண்டு பழைய வழிகள் உண்டு.

ஒன்று கம்பெனி. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய பால சபா அந்த வகை. பையன்கள் ஒன்றாகத் தங்கிப் பாட்டு, வசனம், நடிப்பு எல்லாம் படித்தார்கள். நேர்த்தி வரும், ஆனால் நாடகம் இல்லாத நாளிலும் உலை கொதிக்க வேண்டுமே!

இன்னொன்று ஸ்பெஷல் நாடகம். அதில் அந்தக் கவலை இல்லை. ராஜபார்ட் (கதாநாயகன் வேடக்காரர்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேடக்காரர்) வேறு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. வள்ளி திருமணத்தில் வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் இறங்கும்போது பார்க்க வேண்டும். பாட்டின் முதல் அடி காதில் விழுந்ததும் ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்துவிட்டு மிருதங்கக்காரரை ஒரு பார்வை பார்ப்பார். தாளம் வந்து சேர்ந்துவிடும்.

என்னைக் கேட்டால் மலைக்கு ஸ்பெஷல்தான் சரி. திருவிழா முடிந்ததும் அவரவர் தோட்ட வேலைக்குப் போய்விடலாம். புது நாடகம் எழுதி மேடையேற்றும் ஆசை இருந்தால் மட்டும் கம்பெனி. அதற்கு ஒத்திகை இல்லாமல் ஆகாது.