தமிழ்ப்பள்ளிக்கு எந்தக் கேள்வித்தாள் சரிப்படும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து ஊரில், பிள்ளைகளின் மனநிலையைக் கொஞ்சம் முறையாகப் பார்க்க நினைக்கும் தமிழ்ப்பள்ளிக்கு எஸ்டிகியூ (SDQ), சிபிசிஎல் (CBCL), பிஎஸ்சி (PSC) என்று, பிள்ளையின் நடத்தையைப் பற்றிப் பெற்றோர் நிரப்பும் மூன்று கேள்வித்தாள்கள் கண்ணில் படும். மூன்றிலும் ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1, 2 என்றுதான் மதிப்பெண். எதுவும் நோயைக் கண்டுபிடித்துச் சொல்லாது. யாரை இன்னும் கவனிக்க வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான்.

சிபிசிஎல் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் அக்கன்பாக் உருவாக்கியது. 6 முதல் 18 வயது வரைக்கானதில் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள். பதற்றம், ஒதுங்கிப்போதல், முரட்டுத்தனம் என்று எட்டு வகையாகப் பிரித்துக் காட்டும். ஆழத்தில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். மதிப்பெண்ணைப் படித்துச் சொல்லப் பயிற்சி பெற்றவரும் வேண்டும். அதோடு, ஷிப்ட் முடிந்து களைத்து வந்த அம்மா பாதிக்கு மேல் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்துவிட்டு எழுந்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

35 கேள்வி கொண்ட பிஎஸ்சிக்கு 17 கேள்வியில் ஒரு சுருக்கமும் உண்டு. கிளினிக்கில் டாக்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நிரப்ப ஏற்றது. பள்ளிக்கு நான் இதை முதலில் எடுக்கமாட்டேன்.

என் தேர்வு எஸ்டிகியூ. பிரிட்டனின் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்டது. 25 கேள்வி, ஐந்து பிரிவு. ஐந்தாவது பிரிவு பிள்ளையின் நல்ல குணங்களைக் கேட்பதால், பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள் என்று பெற்றோருக்குத் தோன்றாது. மற்ற நான்கையும் கூட்டினால் அதிகபட்சம் 40. பெற்றோர் தாளில் 17, ஆசிரியர் தாளில் 16, அதைத் தொட்டாலோ தாண்டினாலோ கவனிக்க வேண்டும். தமிழ்த் தாளும் மலாய்த் தாளும் இலவசம். மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வு இதை வைத்துத்தான் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் 7.9 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கணித்தது.

குறையும் இருக்கிறது. அந்த 17, 16 எல்லாம் பிரிட்டிஷ் பிள்ளைகளை வைத்துப் போட்ட கோடு. சகாக்களோடு பழகுவது பற்றிய பிரிவில், பிள்ளை மற்ற பிள்ளைகளைவிடப் பெரியவர்களோடு நன்றாகப் பழகுகிறதா என்று ஒரு கேள்வி வரும். 'நிச்சயமாக உண்மை' என்று குறித்தால் 2 மதிப்பெண், சிக்கல் கணக்கில். லயத்து வீட்டில் பாட்டியிடம் வளரும் பிள்ளை பாட்டியோடு ஒட்டிக்கொண்டிருப்பது சிக்கலா என்ன? எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

அப்புறம், பெற்றோர் தாளோடு நிறுத்தினால் பாதி விஷயம் கைநழுவும். அக்கன்பாக் குழு 1987இல் 119 ஆய்வுகளைத் தொகுத்தபோது, பெற்றோர் மதிப்பீட்டுக்கும் ஆசிரியர் மதிப்பீட்டுக்கும் இடையிலான ஒட்டுறவு (முழுக்க ஒத்துப்போனால் 1) 0.3ஐக்கூடத் தொடவில்லை. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. வீட்டில் வாயே திறக்காத பையன் வகுப்பில் அடிதடி செய்யலாம். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, எங்கே வேறுபடுகிறது என்று ஆலோசக ஆசிரியர் பார்க்கட்டும். மொத்த மதிப்பெண்ணைவிட அதில்தான் பேச விஷயம் கிடைக்கும். இரண்டு தாளிலும் எண் உயர்ந்தால் அரசு கிளினிக்குக்கு அனுப்பலாம். சிபிசிஎல்லுக்கு அங்கே வேலை இருக்கும்.

பெற்றோர் சங்கத்தில் யாராவது வாட்சப்பில் கூகுள் பாரமாக அனுப்பிவிடலாம் என்பார்கள். அனுமதியில்லாமல் எஸ்டிகியூவை அப்படி மாற்றக் கூடாது. அச்சடித்த தாளையே கொடுங்கள், ஒட்டிய உறையில், பிள்ளையின் பெயருக்குப் பதில் ஓர் எண்ணோடு. சின்ன ஊர், கையெழுத்தைப் பார்த்தே யார் வீடு என்று சொல்லிவிடுவார்கள்.