என் கடைச் சரக்கை நானே போய்ப் பார்த்த கதை: மாவட்ட அறிவியல் கண்காட்சி ஒரு விமர்சனம்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் 19 வருடமாக எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டிவி ரிப்பேரில் ஆரம்பித்தேன். எல்இடி டிவி வந்தபிறகு ரிப்பேர் குறைந்துபோய், உதிரிபாகம் விற்பதுதான் பிழைப்பு என்றாகிவிட்டது. வருடத்தில் எனக்கு இரண்டு சீசன். தீபாவளிக்கு முன்னால் சீரியல் லைட். அப்புறம், பள்ளிப் பிள்ளைகளின் வங்கிக் கணக்கில் இன்ஸ்பயர் பணம் ஏறும் மாதம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் இன்ஸ்பயர் மானக் திட்டம் இது. ஆறாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றிய யோசனையை எழுதிக் கொடுப்பார்கள், பள்ளி அதை இணையத்தில் ஏற்றும். தேர்வானால் பிள்ளையின் கணக்கிலேயே 10,000 ரூபாய் வரும், மாதிரி செய்து கண்காட்சிக்குக் கொண்டுபோக. நாடு முழுக்க 1 லட்சம் யோசனைகள் மாவட்டத்துக்கு, அதில் 10,000 மாநிலத்துக்கு, அதில் 1,000 தேசிய அளவுக்கு, கடைசியில் 60. திட்டத்தின் கணக்கு இப்படி.

அந்தப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வருடா வருடம் என் கல்லாவுக்கு வருகிறது. ஆனால் கண்காட்சியை இதுவரை எட்டிப் பார்த்ததில்லை. இந்த முறை எட்டாவது படிக்கும் என் பையனின் யோசனை தேர்வானதால் கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

இடம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. ஊர் பெயரோ கல்லூரி பெயரோ வேண்டாம், நாளைக்கும் நான் அங்கே லேப் சாமான் கொடுக்கவேண்டும். காலை 8:30க்குப் பதிவு என்றார்கள், தொடங்கியபோது 9:20. தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்றிதழை இரண்டு நகல் கேட்டார்கள். ஒன்றுதான் கொண்டுவந்திருந்த ஆசிரியர்கள் ஜெராக்ஸ் கடை தேடி வெயிலில் அலைந்தார்கள். கல்லூரிக்கு வெளியே ஒரு கிலோமீட்டருக்கு ஜெராக்ஸ் கிடையாது. அடுத்த முறை போகிறவர்கள் எதையும் மூன்றாக எடுத்துப் போங்கள்.

மின்சாரம்தான் பெரிய கூத்து. ஒரு வரிசைக்கு ஏறக்குறைய 20 மேசை, அத்தனைக்கும் சேர்த்து ஒரே எம்.சி.பி., அதாவது லோடு கூடினால் தானே விழுந்துவிடும் சுவிட்ச். யாரோ ஒரு பிள்ளையின் மாதிரியில் தண்ணீர் சூடாக்கும் கெட்டில் இருந்தது. 10:40க்கு அதைப் போட்டார்கள், எங்கள் வரிசை மொத்தமும் போய்விட்டது. கல்லூரி எலக்ட்ரீஷியன் வந்து தூக்கிவிட்டார். ஐந்து நிமிடத்தில் மறுபடியும். மூன்றாம் முறை நானே போய், "அண்ணே, கெட்டிலை மட்டும் அடுத்த ரூம் பிளக்குல குடுங்க" என்றேன். அதன்பிறகு நின்றது. இடையில் இரண்டு பிள்ளைகளின் மேசைக்கு நடுவர்கள் இருட்டில் வந்து போய்விட்டார்கள். ஒரு சிறுமிக்கு அழுகையே வந்துவிட்டது. பாட்டரியில் ஓடும்படி செய்துகொண்டு போவது உத்தமம். முடியாவிட்டால் சொந்த ஜங்ஷன் பாக்ஸும் நீள ஒயரும் கையில் இருக்கட்டும்.

சரி, சரக்குக்கு வருகிறேன்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு என் கடை ஷெல்ஃபுக்குள் நடப்பதுபோல இருந்தது. அந்த நீலப் பலகையில் இரண்டு கண் வைத்த, ஒலி அனுப்பி எதிரே இருப்பதன் தூரத்தைச் சொல்லும் அல்ட்ராசோனிக் சென்சார் இருக்கிறதே, ஹெச்.சி.எஸ்.ஆர். 04, கடையில் 90 ரூபாய்க்குக் கொடுப்பது, அது மேசைக்கு மேசை என்னைப் பார்த்து முழித்தது. பார்வையற்றோருக்கான ஸ்மார்ட் குச்சி. ஆள் வந்தால் தானே திறக்கும் குப்பைத்தொட்டி. மறுபடி குச்சி. குச்சிகளை 11 வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். பாதிக்கு மேல் நான் விற்றது. சென்சாரின் முதுகில் என் கடை ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்காமல் வைத்திருந்தான் ஒருவன்.

அவனிடம் கேட்டேன், "தம்பி, இதைப் பார்வை இல்லாதவங்க யார்கிட்டயாவது குடுத்துப் பாத்தியா?"

"இல்ல சார், எங்க தெருவுல அப்படி யாரும் இல்ல."

அவனைக் குறை சொல்ல முடியாது. இடுப்பு உயரத்தில் நேராகப் பார்க்கும் சென்சார், எதிரே இருக்கும் சுவரைச் சொல்லும். திறந்து கிடக்கும் சாக்கடையைச் சொல்லாது. சாதாரணக் குச்சி தரையைத் தட்டியே சாக்கடையைச் சொல்லிவிடும். ஒருநாள் ஒருவர் கையில் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் கடைக்கு வந்து, "சார், குச்சி செட் ரெடிமேடா இருக்கா?" என்று கேட்ட அப்பாக்களுக்கு 1,800 ரூபாய்க்கு எல்லாம் கோத்துக் கொடுத்தவன் நான்தான். அதனால் இந்த விமர்சனத்தில் எனக்கும் ஒரு குட்டு உண்டு.

அரைமணி நேரம் சுற்றியதில், யார் நிஜமாகவே ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி பிடிபட்டது. செடிக்குத் தானே தண்ணீர் விடும் மாதிரிகள் நிறைய இருந்தன. அவற்றில் மண்ணில் குத்தும் சென்சாருக்கு முள்கரண்டி மாதிரி இரண்டு கால் இருக்கும். ஈர மண்ணில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் அந்தக் காலின் பூச்சு சில வாரத்தில் அரித்துப் போய்விடும், மின்பகுப்பு. "சார், கெட்டுப்போச்சு" என்று கடைக்குத் திரும்பி வரும் சாமான்களில் அது முக்கியமானது. எனவே விளக்க அட்டையைப் படிப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு மேசையிலும் சென்சாரை மெதுவாக உருவிக் காலைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தால் நேற்று வாங்கியது. எல்லாம் பளபளப்பு.

ஒன்றே ஒன்று கறுத்து, ஒரு கால் பாதி கரைந்து இருந்தது. ஏழாவது படிக்கும் பையன், அரசுப் பள்ளி. பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு சென்சார், கால் நன்றாக இருந்தது. "மொதல்ல வச்சது 20 நாள்ல போயிடுச்சு சார். அப்புறம், எப்பவும் கரண்ட் குடுக்காம, அளக்கும்போது மட்டும் ஒரு நொடி குடுக்குற மாதிரி மாத்தினேன். இது ரெண்டு மாசமா இருக்கு." கடைக்காரன் சொல்லவேண்டிய விஷயத்தை எனக்கு அவன் சொன்னான். செடி தக்காளி. ஒரு காய்கூட இருந்தது.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த மேசை. கடைசி வரிசை, கழிப்பறைக்குப் போகும் வழி, ஃபேன் இல்லாத இடம். ஒன்பதாவது படிக்கும் பெண். மேசையில் மற்றவர்கள் புரோகிராம் ஏற்றி வைக்கும் ஆர்டுயினோ பலகை இல்லை, எரியும் விளக்கு இல்லை. அரை அடி பிவிசி குழாய், உள்ளே இரண்டு செப்புத் தகடு, மேலே வைத்து அழுத்த ஒரு கிலோ எடைக்கல், மளிகைக் கடையில் இருப்பது. அப்புறம் மின்தடை, வோல்ட் எல்லாம் அளக்கும் ஒரு மஞ்சள் மல்டிமீட்டர். நெல்லின் ஈரப்பதம் பார்க்கிறாள்.

நெல் விவசாயம் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள். மழை அடித்த வருடங்களில் மத்திய அரசிடம் கேட்டுத் தளர்வு வாங்குவார்கள், ஆனால் அந்த உத்தரவு வரும்வரை நெல் களத்தில் கிடக்கும். அவள் அப்பா டிராக்டர் வாடகை கொடுத்து மூட்டையை ஏற்றிக்கொண்டு போனார், 19 என்று திருப்பிவிட்டார்கள். மூன்று ராத்திரி தார்ப்பாய் போட்டுக் காவல் காத்திருக்கிறார். வண்டியில் ஏற்றும் முன்பே தெரிந்திருந்தால் இன்னும் ஒருநாள் காயவைத்திருக்கலாம் இல்லையா?

ஈர நெல் மின்சாரத்தைக் கொஞ்சம் விடும், காய்ந்த நெல் விடாது. இவ்வளவுதான் தத்துவம். அவள் செய்தது என்னவென்றால், தகடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை மாற்றி மாற்றி, 17க்குக் கீழே காய்ந்த நெல்லைப் போட்டால் மீட்டரில் இடது ஓரம் '1' மட்டும் நிற்கும்படி கொண்டுவந்துவிட்டாள். அந்த '1' வந்தால் மின்தடை மீட்டரின் அளவு எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். என் கடையில் அந்த '1'ஐப் பார்த்துவிட்டு மீட்டர் பழுது என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. இவள் அதையே பதிலாக்கிவிட்டாள். '1' வந்தால் வண்டியில் ஏற்று. எண் ஓடினால் இன்னும் காயவை. படிக்காதவரும் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு 40 பக்க நோட்டு வைத்திருந்தாள். கொள்முதல் நிலைய மெஷின் காட்டியது ஒரு பத்தி, இவள் குழாய் காட்டியது ஒரு பத்தி. ஓரமெல்லாம் நெல் தூசு. நடுவர் குழுவில் இயற்பியல் பேராசிரியை ஒருவர் இருந்தார். எல்லா மேசையிலும் ஒரே கேள்விதான் கேட்டார்: "இது எப்ப வேலை செய்யாது?" மற்ற பிள்ளைகள் பெரும்பாலும் திகைத்தார்கள். இந்தப் பெண் மடமடவென்று சொன்னாள். "வெயில்ல இருந்து அள்ளின நெல்லு சூடா இருந்தா தப்பாக் காட்டும் மேடம், ஆற வச்சுப் பாக்கணும். சன்ன ரகத்துக்கும் பொது ரகத்துக்கும் இடைவெளி வேற. தகட்டைத் தொடைக்காம விட்டாலும் தப்பு." பேராசிரியை அங்கேயே பத்து நிமிடம் நின்றுவிட்டார்.

எல்லா நடுவரும் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வரிசைக்கு வந்த இன்னொரு குழு, மாதிரியை ஆன் செய்யக்கூடச் சொல்லவில்லை. சார்ட்டில் தலைப்பு, நோக்கம், தேவையான பொருட்கள் இருக்கிறதா என்று பார்த்தார்கள், டிக் போட்டார்கள், போனார்கள். மேசைக்கு இரண்டு நிமிடம் கூட இருக்காது. காகிதத்தில் மதிப்பீட்டுக்கு என்னென்னவோ இருக்கிறது: புதுமை, சமூகப் பயன், சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லாமை, பயன்படுத்த எளிமை, ஏற்கெனவே இருப்பதைவிட எந்த வகையில் மேல் என்பது. இதை இரண்டு நிமிடத்தில் எப்படிப் பார்ப்பது? திருவண்ணாமலை வினிஷா உமாசங்கரை நினைத்துக்கொண்டேன். தெருவில் இஸ்திரி போடுபவர் எரிக்கும் கரியைப் பார்த்துவிட்டு சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை யோசித்த பெண். இதே புத்தாக்க அறக்கட்டளை 2019இல் அவருக்கு இக்னைட் விருது கொடுத்தது, 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார். அந்த யோசனையும் முதலில் ஒரு தாளில்தான் இருந்திருக்கும், யாரோ ஒருவர் நின்று படித்திருக்கவேண்டும்.

என் பையன் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவன் யோசனை, கேஸ் சிலிண்டரை எடை பார்த்து, தீர்வதற்கு மூன்று நாள் முன்பே சிவப்பு விளக்கு போடும் ஸ்டாண்டு. தோசை ஊற்றும்போது கேஸ் தீர்ந்து அவன் அம்மா திட்டியதில் பிறந்த யோசனை, அதில் சந்தேகமில்லை. ஆனால் எடையை அளக்கும் லோடு செல் வாங்கியது, சால்டரிங் வைத்தது, புரோகிராம் ஏற்றியது எல்லாம் நான். கண்காட்சிக்கு சிலிண்டர் கொண்டுவரக்கூடாது என்பதால் 20 லிட்டர் தண்ணீர் கேனை ஏற்றி வைத்திருந்தோம்.

பேராசிரியை பலகையைக் குனிந்து பார்த்தார். எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரைக் காட்டினார், அதன் அளவை மேலே இருக்கும் நிறக் கோடுகள் சொல்லும். "சிவப்பு, சிவப்பு, பழுப்பு. ஏன் 220 ஓம்? ஏன் 1,000 வைக்கல?"

பையன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, அதுவரை நல்லது. அடுத்த கேள்வி கேட்டார். "கேஸ் கசிஞ்சா மேல போகுமா, கீழ தேங்குமா?" கீழே என்றான், சரியாக. "அப்ப உன் சர்க்யூட்டு எங்க இருக்கு?" சிலிண்டருக்கு அடியிலேயே, ஸ்டாண்டுக்குள்ளேயே இருந்தது. தேங்கிய கேஸில் அதிலிருந்து ஒரு பொறி பட்டால் போதும். பத்து வீட்டு ஃப்ரிட்ஜைப் பிரித்துப் போட்டவன் நான், எனக்கே இது தோன்றவில்லை.

சாப்பாடு: தக்காளி சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு வாழைப்பழம். பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டும் டோக்கன். வறுவல் நன்றாக இருந்ததாம். பெற்றோருக்கு கேன்டீன், புரோட்டா தவிர்க்கவும். பெண்கள் கழிப்பறையில் மதியத்துக்கு மேல் தண்ணீர் இல்லை. 2 மணிக்கு மற்ற பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக உள்ளே விட்டார்கள். விசில் ஊதி ஊதி நகர்த்தியதில் யாரும் எந்த மேசையிலும் நிற்க முடியவில்லை. நடுவர்கள் போனபிறகு கிடைத்த முக்கால் மணி நேரம்தான் நன்றாக இருந்தது. மாதிரி வைத்திருந்த பிள்ளைகள் ஒருவர் மேசைக்கு ஒருவர் போய்ப் பேசினார்கள். தக்காளிப் பையன் நெல் குழாயில் மண்ணைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பெண் தகடு வீணாகிவிடும் என்று கையைத் தட்டிவிட்டாள்.

4:30க்கு முடிவு. நெல் குழாய் மாநிலத்துக்குப் போகிறது. கூடவே ஒரு ஸ்மார்ட் குச்சியும் போகிறது, ஏனென்று எனக்குப் புரியவில்லை. தக்காளிக்குச் சான்றிதழ் மட்டும். எங்களுக்கும் அதே. பையன் பெயரில் ஒரு எழுத்துப் பிழை.

மதிப்பெண் கேட்டால், ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஒரு மதிப்பெண் எம்.சி.பி.க்கும் தண்ணீருக்கும் போச்சு, அரை அந்த டிக் போட்ட குழுவுக்கு. உங்கள் பிள்ளை தேர்வாகாவிட்டாலும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள், கடைசி வரிசையில் இருந்து ஆரம்பியுங்கள்.

ஸ்டாண்டு இப்போது வீட்டு அடுப்படியில், நிஜ சிலிண்டருக்கு அடியில் இருக்கிறது. சர்க்யூட்டைப் பிரித்து ஆள் உயரத்துக்குச் சுவரில் ஏற்றினோம், இந்த முறை சால்டரிங் அவன். 5 வோல்ட்டில் எல்இடிக்கு 2 போக மீதி 3, அதை 220ஆல் வகுத்தால் 13 மில்லி ஆம்பியர் சொச்சம் என்று அவனாகவே வந்து சொன்னான். பத்து நாள் ஒழுங்காக ஓடியது. முந்தாநாள் காலையில் எண் தாறுமாறாகக் குதித்தது. பார்த்தால், கீழே இறங்கும் ஒயரை எலி கடித்திருக்கிறது. 'எப்போது வேலை செய்யாது' என்று நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, முதல் வரியில் எலி என்று எழுதி வைத்திருக்கிறான்.