பெயரோடு வந்த துண்டும் வேலியோரத்துத் துண்டும்

தூண்கள்ளி சேர்க்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: காசு கொடுத்துப் பெயர் எழுதிய துண்டை வரவழைப்பதா, ஊரில் யாருடைய வளவிலாவது நிற்பதில் ஒரு கிளை கேட்டு வாங்குவதா? மட்டக்களப்புப் பக்கத்து ஆரையம்பதியில் என் முற்றத்தில் இரண்டு வகையும் அருகருகே நிற்கின்றன. எட்டு வருடமாக இரண்டையும் பார்த்துவருகிறேன்.

விதை மூன்றாவது வழி. குளோன் சேர்ப்பவருக்கு அது உதவாது. ஒரு பழத்தில் நூற்றுக்கணக்கான விதை இருந்தால் நூற்றுக்கணக்கான தனிச் செடிகள், ஒவ்வொன்றும் வேறு. தாய்ச் செடியின் கிளையை வெட்டி ஊன்றி வளர்த்தால்தான் அது குளோன்; எத்தனை தலைமுறை வெட்டினாலும் அதே செடிதான். இந்த வேறுபாடு தெரியாததால் வரும் குழப்பம் பெரியது. கே.கே.242 என்ற சேகரிப்பு இலக்கத்தோடு உலகெங்கும் போன பெரு நாட்டு விதைகளிலிருந்து முளைத்தவை ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. ஆனாலும் அந்த இலக்கத்தை ஒரே செடியின் பெயர்போலச் சொல்லி இன்றும் துண்டு விற்கிறார்கள். சேகரிப்பு இலக்கம் விதையை எடுத்தவர் அந்தச் சேகரிப்புக்கு இட்டது, குளோன் பெயர் ஒரு தனிச் செடிக்கு உரியது.

பெயர் எழுதிய துண்டின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கொடுப்பவர் நேர்மையானவராக இருந்தால், அந்தச் செடி எந்தத் தோட்டத்திலிருந்து யார் கை வழியாக வந்தது என்ற வரலாறும் கூடவே வரும். அந்த வரலாறு இருந்தால்தான் பத்து வருடம் கழித்து இன்னொருவர் செடியோடு வைத்து ஒப்பிட முடியும். ஆனால் வெளிநாட்டிலிருந்து எடுப்பதென்றால் கள்ளிக் குடும்பம் ஏறக்குறைய முழுவதும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் இருப்பதை மறக்கக் கூடாது. அனுமதிப் பத்திரம் வேண்டும். கட்டுநாயக்கவில் தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவின் சோதனையும் உண்டு. பொதிக்குள் ஒளித்து அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்கவே கூடாது. மாவுப்பூச்சி அப்படித்தான் ஊருக்குள் வருகிறது.

வேலியோரத்துத் துண்டுக்குப் பெயர் இல்லை. ஆனால் அது எங்கள் மாரியைப் பார்த்திருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் நாட்கணக்காக விடாமல் பெய்யும் மழையில் வேர் ஊறி நின்று, பிறகு ஆனி ஆடியில் கச்சான் காற்று அனலாக அடிக்கும்போதும் சாயாமல் நின்ற செடி அது. வாங்கிய செடிகளில் நான் இழந்தவை எல்லாம் வெயிலில் போகவில்லை. முதல் மாரியில் அடித்தண்டு பழுப்பாகி அழுகித்தான் போயின. துண்டு எதுவானாலும் மாசிக்குப் பிறகே வெட்டுங்கள். வெட்டுவாய் நிழலில் இரண்டு மூன்று கிழமை காய்ந்து, தொட்டால் தோல்போல இறுகிய பிறகு, செங்கற்சல்லியும் ஆற்று மணலும் கலந்து ஊன்றுங்கள். கடற்கரை மணலை எடுக்க வேண்டாம், உப்பு.

இனி அடையாளம் காணும் விடயம். சண்டை வருவதெல்லாம் இங்கேதான்.

முதலில், அது கள்ளிக் குடும்பம்தானா என்று பாருங்கள். எங்கள் பக்கத்துச் சதுரக்கள்ளியையும் தூண்கள்ளி என்று கொடுத்துவிடுவார்கள். ஊசியால் குத்தினால் பால் வடியும்; அது யூபோர்பியா. அமெரிக்கக் கண்டத்துத் தூண்கள்ளியில் பால் வராது, ஒவ்வொரு முள்கொத்தும் பஞ்சு படிந்த ஒரு கண்ணிலிருந்து எழும்.

அதற்கு மேல் கண்ணை நம்பினால் ஏமாற்றம்தான். தண்டில் மேலிருந்து கீழாக வரம்புபோல ஓடும் பட்டைகளை எண்ணிப் பெயர் சொல்கிறவர்கள் உண்டு. என்னிடம் ஒரே செடியில் ஒரு கிளைக்கு ஆறு பட்டை, மற்றதற்கு எட்டு. முள்ளும் அப்படித்தான்: வெயிலில் வளர்ந்த பகுதியில் விரல்நுனி அளவு முள், மாமரத்து நிழலில் வளர்ந்த பகுதியில் மயிர்போல. செரியஸ் என்ற தூண்கள்ளி இனத்தில் முண்டும் முடிச்சுமாகக் கோணி வளரும் ஒரு வடிவம் பல வீடுகளில் நிற்கிறது. அதிலிருந்து சில வேளை நேரான கிளை ஒன்று கிளம்பும். இரண்டையும் தனித்தனிச் சாடியில் வைத்தால் ஒன்று என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒன்றுதான். ஆகவே படத்தை மட்டும் பார்த்து அடித்துச் சொல்கிறவரை நான் நம்புவதில்லை. ஒரே மண், ஒரே வெயில், ஒரே தண்ணீர் கொடுத்துக் குறைந்தது இரண்டு வருடம் பக்கத்தில் வைத்து வளர்த்த பிறகு ஒப்பிடுங்கள்.

எனக்கு இதைக் கற்றுத்தந்தது 4500 ரூபா கொடுத்து வாங்கிய ஒரு துண்டு. ட்ரைக்கோசெரியஸ் பச்சனோய், நீலக் குளோன் என்று எழுதியிருந்தது. எக்குவடோரிலும் பெருவிலும் அந்தீஸ் மலையில் 2000 மீற்றருக்கு மேல் வளரும் செடி அது. 1920இல் பிரிட்டன், ரோஸ் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் விவரித்துப் பெயரிட்டார்கள். குளிர்ந்த இரவுக்குப் பழகியது கடற்கரையில் இப்படிக் கொழுத்து வளர்கிறதே என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நான்காம் வருடம், சித்திரை மழைக்குப் பின் பூத்தது. இரவு எட்டு மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தேன். கைப்பிடிக்குள் அடங்காத வெள்ளைப் பூ. அதன் குழாய் வழுவழுவென்று பச்சையாக இருந்தது. ஒரு மயிர் இல்லை. அந்த இடத்திலேயே பெயர் விழுந்துவிட்டது. பச்சனோயின் பூக்குழாய் முழுக்கக் கருமையும் பழுப்புமாகக் கம்பளிபோல மயிர் மூடியிருக்கும். செரியஸ் குழாய் மொட்டையாக இருக்கும். தண்டில் தடுமாற இடமுண்டு, பூக்குழாயில் இல்லை. என் கையில் இருந்தது செரியஸ் ஹில்ட்மன்னியானஸ். பெருவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிரேசிலின் தெற்குப் பக்கத்துச் செடி. தோட்டக்காரர்கள் நெடுங்காலமாகச் செரியஸ் பெருவியானஸ் என்று தவறாக அழைத்துவரும் செடியும் பெரும்பாலும் இதுதான்.

அதே இரவில் பின்வளவு மாமியின் வேலியோரத்திலும் பூத்திருந்தது. அவர் வீட்டுச் செடி நான் சிறுவனாக இருந்தபோதே கூரையைத் தொட்டு நின்றது. "உங்களுடையதும் எங்களுடையதும் ஒரே நாளில்தானே பூக்கிறது மகனே, இதைப் போய்க் காசுக்கு வாங்கினீர்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

செரியஸ் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. இஸ்ரேலில் பென் குரியன் பல்கலைக்கழகத்தினர் இதைக் கூபோ என்ற பழப்பயிராக வளர்த்தபோதும், காய் பிடிக்க வேறு குளோனின் மகரந்தம் வேண்டியிருந்தது. ஆகவே இரண்டு செடியும் ஒரே குளோன் என்றால் ஒன்றின் மகரந்தத்தில் மற்றது காய்க்காது. அடுத்த மாதம் என் செடியில் மூன்று பூ ஒன்றாக விரிந்தது. ஒன்றில் அதன் மகரந்தத்தையே வைத்து வெள்ளை நூல் கட்டினேன். இரண்டாவதில் மாமியின் செடியினது, சிவப்பு நூல். மூன்றாவதில், களுவாஞ்சிகுடியில் ஒரு நண்பர் வீட்டில் பூத்ததை அன்றிரவே மோட்டார் சைக்கிளில் போய் எடுத்துவந்து வைத்தேன், நீல நூல். தூரிகையை ஒவ்வொரு தடவையும் மாற்றினேன்; பூச்சி புகாமல் துணிப்பை கட்டினேன். பத்து நாளுக்குள் வெள்ளையும் சிவப்பும் மஞ்சளாகி உதிர்ந்தன. நீல நூல் கட்டியது வீங்கிச் சிவந்து பழமாகி வெடித்தது. உள்ளே வெள்ளைச் சதை, கறுப்பு விதை. அடுத்த முறை பூத்தபோது திரும்பச் செய்தேன், அதே முடிவு. நெருங்கிய உடன்பிறப்புச் செடிகளும் சில வேளை இப்படி ஒன்றையொன்று மறுக்கலாம் என்பதால் இது மட்டும் தீர்ப்பாகாது. மாமியின் செடியில் ஒரு கிளை வாங்கி என்னுடையதன் பக்கத்தில் வளர்த்த இரண்டு வருடத்தில் பட்டையிலும் முள்ளிலும் பூக்கும் இரவிலும் வேறுபாடே காணாததையும் சேர்த்துத்தான் ஒரே குளோன் என்கிறேன்.

அமெரிக்க வளர்ப்பாளர்கள் தங்கள் தோட்டங்களில் எங்கும் நிற்கும் பச்சனோய் குளோன் ஒன்றை "பி.சி." என்று சுருக்கி அழைக்கிறார்கள், அதிகம் பரவிய வளர்ப்பு வகை என்று பொருள். ஆளுக்காள் கிளை ஒடித்துக் கொடுத்தே பரவியது. எங்கள் கரையிலும் ஒரு செரியஸ் அப்படித்தான் பரவியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே இந்த இனத்தைப் பொறுத்தவரை பணம் கொடுத்துத் துண்டு வாங்காதீர்கள். ஊரில் கேளுங்கள்.

ஊரில் கிடைக்காத இனம் என்றால் என் பதில் மாறும். நீலத் தண்டுக்காக ஆசைப்படுகிறவர் பைலோசோசெரியஸ் பச்சிகிளாடஸைத் தேடி, நம்பிக்கையானவரிடம் வாங்கலாம். வடகிழக்குப் பிரேசிலின் வெப்பத்துக்குப் பழகியது, எங்கள் வெயிலை விரும்பும். மாரிக்கு மட்டும் கூரை வேண்டும். மெக்சிக்கோவின் மிர்ட்டிலோகாக்டஸும் என்னிடம் நன்றாக நிற்கிறது. உண்மையான பச்சனோய் இரண்டு முறை வைத்தேன், இரண்டும் மெலிந்து நீண்டு அழுகின. மட்டக்களப்பில் அதற்குக் காசு செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

மார்க்கர் பேனாவால் எழுதிய பெயர் ஒரு கச்சானுக்குள் வெளுத்துவிடும். சோடா டின்னை வெட்டிய தகட்டில் ஆணியால் கீறி எழுதுகிறேன். இனப்பெயரைப் பூ பார்த்த பிறகே எழுதுவேன். அதுவரை ஊர், கொடுத்தவர், வெட்டிய நாள், இந்த மூன்றும் போதும். 4500 ரூபாச் செடியின் பழைய தகட்டைக் கழற்றிவிட்டேன். மாமியின் செடிக்கும் அதற்கும் இப்போது ஒரே தகடு, "ஆரை 1". நீல நூல் கட்டிய மகரந்தத்தின் சொந்தக்காரன் "களுவா 1".

திருக்கோவிலில் ஒரு வளவில் மஞ்சள் பழம் பழுக்கும் செரியஸ் ஒன்று நிற்கிறது. மாசி பிறந்ததும் வந்து ஒரு முழக் கிளை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். தகடு வெட்டி வைத்தாயிற்று.