கடல் தெரியும், சத்தம் கேக்காது: திருச்செந்தூர்ல ஒரு லாட்ஜ்

பரீட்சை லீவுக்கு புள்ளைங்கள கூட்டிட்டு திருச்செந்தூர் போனோம், ரெண்டு ராத்திரி தங்குன லாட்ஜ பத்தி தான் இது. பேர் போடல, அங்க வேலை பாக்குற பசங்க நல்ல பசங்க, அவங்க பொழப்புல மண்ணள்ளி போட மனசில்ல.

"சீ வியூ"ன்னு சொல்லி சாதா ரூம விட 800 ரூபா கூட வாங்குறாங்க. திரைச்சீலைய தள்ளுனா கடல் பளிச்சுனு தெரியுது, அதுல பொய் இல்ல. ஆனா ஜன்னல் முழுக்க ஒரே கண்ணாடி, தாழ்ப்பாளே கிடையாது, ஏசிய அமத்துனா புழுங்குது, போட்டா ஏசியோட உர்ர்ர் மட்டும் தான் கேக்குது. சின்னவ கண்ணாடில காத ஒட்டி வச்சிக்கிட்டு நின்னா, "அப்பா, அலை ம்யூட்ல இருக்கு"ன்னா. கவுண்டர்ல கேட்டா "தெறக்க வராது சார், உப்புக்காத்துல டிவி போயிருது சார்"ங்குறாங்க. அவங்க கஷ்டம் அவங்களுக்கு.

எனக்கு ஏன் இவ்ளோ எரிச்சல்னா, 80கள் கடைசில வருஷா வருஷம் தாத்தா ஆச்சியோட நெல்லைலேர்ந்து மீட்டர் கேஜ் வண்டில இதே ஊருக்கு வருவேன். ஸ்ரீவைகுண்டம் தாண்டி, நாசரேத் தாண்டி, ஆறுமுகநேரி வந்தா உப்பளம் வெள்ளையா தெரியும், காயல்பட்டணம் விட்டதும் கோபுரத்த யாரு முதல்ல பாக்குறதுன்னு போட்டி, 9 நிலை கோபுரம் எல்லாருக்கும் தெரியத்தான் செய்யும், ஆனாலும் தாத்தா தோத்துப்போவார். தங்குறது ஒரு சத்திரத்து திண்ணை. ஆச்சி தூக்குச்சட்டில புளியோதரை, ரெண்டு நாளைக்கு வரும். ராத்திரி பூரா அலை சத்தம், முதல் நாள் தூக்கம் வராது, ஊருக்கு திரும்புனதும் அது இல்லாம தூக்கம் வராது.

காலைல கடலுக்கு போனா தாத்தா செய்ற முதல் காரியம் பல்லு செட்ட கழட்டுறது. முன்னாடி ஒருதரம் அலை அடிச்சிட்டு போயிருச்சாம். துண்டு முனைல முடிஞ்சு என் கைல குடுத்து "ஏல, இத வுட்டுறாத, கறி திங்கணும்ல"ம்பார். அவரு முங்கி எந்திரிச்சு வர்ற வரைக்கும் நான் கரைல அந்த முடிச்ச ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சிட்டு நிப்பேன், கால் அடில மண்ணு மட்டும் சரசரன்னு ஓடும். அப்புறம் நாழிக்கிணறு. படி எறங்கி 24 அடி ஆழம், பெரிய கிணத்துக்குள்ள சின்னக் கிணறு, கடலுக்கு இத்தன பக்கத்துல நல்ல தண்ணி. "மொதல்ல கடல நக்கிப்பாரு, பொறவு இத குடிச்சுப்பாரு"ன்னு தாத்தா ஒவ்வொரு வருஷமும் புதுசா சொல்ற மாதிரியே சொல்வார். இந்த தடவை நானும் அதையே சொன்னேன், பெரியவன் "தெரியும்ப்பா"ன்னுட்டான்.

சரி லாட்ஜுக்கு வருவோம். பாத்ரூம் தண்ணி உப்பு, சோப்பு நுரைக்கல, கடல்ல குளிச்சிட்டு வந்து மறுபடி கடல்லயே குளிச்ச மாதிரி. ரூம் சுத்தம், பெட்ஷீட் வெள்ளையா இருந்துச்சு, குறை இல்ல. எக்ஸ்ட்ரா பெட்டுக்கு 500 கேட்டுட்டு குடுத்தது ஒரு மெத்தையும் தலகாணியும் தான், போர்வை கேட்டு கேட்டு பத்து மணிக்கு வந்துச்சு. கீழ ஹோட்டல்ல இட்லி பரவால்ல, சாம்பார் தண்ணி. நீங்க வெளிய வந்து கருப்பட்டி போட்ட சுக்கு காப்பி குடிங்க, அப்படியே உடன்குடி சில்லுக்கருப்பட்டியும் வாங்கிக்கோங்க, வாங்கும்போது ஒண்ண உடைச்சு வாயில போட்டு பாத்துட்டு வாங்குங்க, வெறும் சீனி இனிப்பா இருந்தா வச்சிட்டு வந்துருங்க.

ரெண்டாவது நாள் ராத்திரி தூக்கம் வராம கீழ வந்து வாட்ச்மேன் அண்ணாச்சிகிட்ட பேசிட்டு இருந்தேன். மொட்டை மாடி தெறந்து விடுவீங்களான்னு கேட்டேன், ஒரு மாதிரி பாத்தார், அப்புறம் சாவிக்கொத்தோட முன்னாடி நடந்தார். மேல துணி காயப்போடுற கயிறு, தண்ணி டேங்க், பழைய ஏசி பெட்டி நாலு. அவ்ளோ தான். ஆனா என்ன சத்தம்! சின்னவள தூக்கிட்டு வந்து அந்த 500 ரூபா மெத்தைய விரிச்சு படுக்க வச்சேன், முழிக்கவே இல்ல, என் சட்டைய புடிச்சிக்கிட்டு அப்படியே தூங்குனா.

போறவங்க சாதா ரூமே போடுங்க, 800 மிச்சம். மாடி சாவி கேட்டா குடுக்குறாங்க, பாய் மட்டும் நீங்க கொண்டு போயிருங்க, விடியக்காலைல ஈரக்காத்து, புள்ளைங்களுக்கு ஒரு போர்வையும்.