டேப் ஒரு நொடி, வரிசை பத்து நிமிடம்

2021 தொடக்கத்தில் வங்கியிலிருந்து வந்த புது டெபிட் கார்டில் வைஃபை குறி படுத்துக்கிடப்பது போல நாலு வளைவுகள் இருந்தன. கார்டைச் சொருகாமல், மெஷின் மேல் வைத்தாலே பணம் கட்டும் 'டேப்' வசதிக்கான குறி அது. ஆசையாக சூப்பர் மார்க்கெட்டுக்கு எடுத்துப்போய் மெஷின் மேல் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கார்டில்தான் கோளாறு என்று நினைத்து வங்கியில் அரை நாள் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. 2020 அக்டோபர் முதல் வரும் புது கார்டுகளில் இந்த வசதி அணைந்தே இருக்கும். வங்கி ஆப்பில் போய் நாம்தான் இயக்க வேண்டும். கார்டோடு வந்த கவரில் இதை ஒரு வரி பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம்.

அன்று முதல் மளிகை, மருந்து, பெட்ரோல் எல்லாவற்றுக்கும் டேப்தான். பின் நம்பர் போடாமல் கட்டும் வரம்பை ரிசர்வ் வங்கி அந்த ஜனவரியில்தான் 2000 ரூபாயிலிருந்து 5000 ஆக்கியிருந்தது. எங்கள் வீட்டு மளிகை பில் தீபாவளி மாதம் தவிர அதைத் தாண்டாது. "பஸ்ஸில் எவனாவது பர்ஸ் மேல் மெஷினை வைத்து எடுத்துவிட்டால்?" என்று நண்பர் பயமுறுத்தினார். நாலு சென்டிமீட்டருக்குள் வந்தால்தான் மெஷின் கார்டைப் படிக்கும். இருந்தாலும் ஆப்பில் வரம்பை 2000-க்கு இறக்கி வைத்தேன், இரண்டே மாதத்தில் பழையபடி ஏற்றினேன்.

என் குறை டேப் மேல் இல்லை, கவுண்டர் மேல். நான் போகும் கடையில் மெஷின் பில் போடுபவர் பக்கம், குட்டை வயரில் கட்டிக்கிடக்கிறது. கார்டை அவர் கையில் கொடுத்தாக வேண்டும். "டேப் பண்ணலாம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் பழக்க தோஷத்தில் சொருகிவிடுவார். அப்புறம் பின் நம்பர். மேஜை மேல் எக்கி, பின்னால் நிற்பவர் பார்க்க, நாலு எண்களை அழுத்த வேண்டும். இதற்கு முன்பே பாயிண்டுக்காக "போன் நம்பர் சொல்லுங்க சார்" ஒரு சுற்று முடிந்திருக்கும்.

தொகையை பில்லைப் பார்த்து மெஷினில் கையால் அடிப்பதுதான் எனக்கு இன்னும் பயம். ஒரு முறை 1,284 ரூபாய் 12,840 ஆகிவிட்டது. ஐயாயிரம் தாண்டியதால் மெஷின் பின் நம்பர் கேட்டது, அதனால்தான் திரையைப் பார்த்தேன். 128.40 என்பது 1,284 ஆகியிருந்தால் வீட்டுக்கு வந்த பிறகும் கவனித்திருக்க மாட்டேன். பில் போடும் கணினியிலிருந்தே தொகை மெஷினுக்குப் போகிற கடைகளும் இருக்கின்றன, அங்கே இந்தத் தொல்லை கிடையாது.

யுபிஐயும் வைத்திருக்கிறேன். ஆயிரம் ரூபாய் வரை பின் நம்பர் கேட்காத யுபிஐ லைட், காய்கறிக் கடைக்கு அருமை. சவுண்ட் பாக்ஸ் தொகையைச் சொல்லிவிடுவதால் திரையைத் தூக்கிக் காட்டும் வேலையும் போயிற்று. ஆனால் தரைத்தளத்துக்குக் கீழே இருக்கும் கடையில் சிக்னல் கிடைக்காமல் போனைத் தூக்கிக்கொண்டு படியேறியிருக்கிறேன். அங்கே கார்டுதான் கைகொடுக்கும்.

ஒரு தடவை கார்டில் கட்டியபோது கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, மெஷினிலிருந்து சீட்டு வரவில்லை. மறுபடி கட்டச் சொன்னார்கள், கட்டினேன். முதலில் கட்டிய பணம் நாலாம் நாள் திரும்பியது. ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. கவுண்டரில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த நாலு நாளும் கடைக்காரர் மேல்தான் கோபமாக இருந்தேன்.

எல்லாம் சரியாக இருக்கும் கடை என்றால் எங்கள் தெருமுனை மருந்துக்கடைதான். மெஷின் ஒரு ஸ்டாண்டில் வாடிக்கையாளரைப் பார்த்து நிற்கும். கடைக்காரர் தொகையை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, "இங்க வைங்கம்மா" என்று இடத்தைத் தொட்டுக் காட்டுவார். பின் நம்பரை மறந்துவிடும் என் அம்மா, தனியாகப் போய் மாத்திரை வாங்கி வருவது அந்த ஒரு கடையில்தான். சீட்டு வேண்டுமா என்று மெஷின் கேட்டதும் மற்ற கடைகளில் 'வேண்டாம்' அழுத்திவிடுவார்கள். இவர் அழுத்துவதில்லை. சீட்டு வாங்காமல் அம்மா படி இறங்க மாட்டார் என்று அவருக்குத் தெரியும்.